ஒரு நிமிடம் கிடைத்தால் நம்ம ஊரில் எதைப் படம் பிடிப்பீர்கள்?

கோட்டையூரான்

அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து இரண்டு வருடம் ஆகிறது. வாசல்படி இறங்குவதே பெரிய காரியம், அதனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பட்டாலையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு கைபேசியில் ஷார்ட்ஸ் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுது. நான் கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி கூப்பிடுவேன். "இன்னிக்கு மேகாலயா போயிட்டு வந்தேன்டா" என்பார். மரத்தின் வேரையே ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் வளர்த்துக் கொண்டுபோய்ப் பாலமாக்கியிருக்கிறார்கள், செங்கல் இல்லை, கம்பி இல்லை, தாத்தா ஆரம்பித்தால் பேரன்தான் நடப்பான் என்று அப்படியே சொல்வார். காசி மணிகர்ணிகைத் துறையிலிருந்து நார்வே பனி வரைக்கும் பார்த்தாகிவிட்டது.

போன வாரம் வேறு மாதிரி பேசினார். "நம்ம செட்டிநாட்டுப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன், வீடாத்தான் வருது. யாரோ ஒரு பொண்ணு தூண்கிட்ட நிக்குது, ஒரு சுத்து சுத்துது, முடிஞ்சிருச்சு. ஊரையே காணோமே" என்றார்.

அப்புறம் நானும் உட்கார்ந்து பார்த்தேன். அம்மா சொன்னது சரிதான். கானாடுகாத்தான் தெரு, பர்மா தேக்குத் தூண், கலர் கண்ணாடி ஜன்னல், மேலிருந்து ட்ரோன் ஒரு வட்டம், கடைசியில் வாழை இலையில் சாப்பாடு. நாற்பது பார்த்திருப்பேன், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வீடுகள் அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்கிற ஒரு நாட்டில் வீட்டு முகப்பைத் தாண்டி ஒன்றுமே நடக்கவில்லை போல ஆகிவிட்டது.

உங்கள் கையில் ஒரு நிமிடம் இருந்தால் எதை எடுப்பீர்கள்? அம்மாவுக்காகத்தான் கேட்கிறேன். வந்த பதிலை எல்லாம் வாசித்துக் காட்டப் போகிறேன்.

ஆத்தங்குடிப் பொண்ணு

கண்ணாடியிலிருந்து ஆத்தங்குடித் தரைக்கல் பிரிந்து வருகிற அந்த நொடியை எடுப்பேன். யோசிக்கவே வேண்டாம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. ஆத்தங்குடிக் கல் வீட்டுத் தரையில் கிடப்பதைத்தான் எல்லாரும் எடுக்கிறார்கள், அது எப்படி வருகிறது என்று பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். முதலில் ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் சதுரமான இரும்புச் சட்டம். சட்டத்துக்குள்ளே பூ அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறச் சிமெண்டுக் கரைசலைச் சின்னக் கரண்டியால் ஊற்றுவார்கள். சிவப்பு ஓர் இதழுக்கு, மஞ்சள் நடுவுக்கு, பச்சை ஓரத்துக்கு. ஒரு சொட்டுத் தப்பான அறையில் விழுந்தால் அந்தக் கல் போச்சு. ஊற்றி முடித்ததும் அச்சை நேர் மேலாகத் தூக்க வேண்டும், கை கொஞ்சம் ஆடினாலும் நிறம் நிறத்தோடு கலந்துவிடும். அப்புறம் காய்ந்த சிமெண்டு மணலைத் தூவுவார்கள், அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதன்மேல் ஈரக் கலவையை அப்பி, மட்டம் தட்டி, காய வைத்து, தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் ஊறப் போட்டு, வெயிலில் வைத்தால் கண்ணாடி தானாக விட்டு வரும். சூளை கிடையாது, தீயே கிடையாது.

ஆக, மொத்த வேலையும் தலைகீழாக நடக்கிறது. செய்கிறவருக்குத் தெரிவது கல்லின் முதுகு மட்டும். பூ எப்படி வந்திருக்கிறது என்று கண்ணாடியை எடுக்கும்போதுதான் அவரும் பார்க்கிறார். எங்கள் சித்தப்பா முப்பது வருடமாகச் செய்கிறார், இன்றைக்கும் கண்ணாடியை விலக்கிவிட்டு ஒரு விநாடி நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். அந்தப் பளபளப்பு பாலிஷ் போட்டு வந்ததல்ல, கண்ணாடியின் வழவழப்பு அப்படியே சிமெண்டில் பதிந்தது.

அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் படுத்திருக்கிற பட்டாலைத் தரையில் ஆத்தங்குடிக் கல்தான் என்றால் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் முகம் பார்க்காமல் வரைந்தது.

ரஸ்தா ராமு

தம்பி, கேள்வி நல்ல கேள்வி. எனக்கு வேறு கருத்து. ஒரு நிமிடத்தில் எதையும் காட்ட முடியாது என்பதுதான் என் எண்ணம். மேலே அந்தத் தங்கச்சி எழுதினதைப் படிக்கவே ரெண்டு நிமிடம் ஆகிறது. ஷார்ட்ஸ் என்பது கட்டை விரலைத் தள்ளிக்கொண்டே இருக்கிற பழக்கம். மேகாலயா பாலத்தைப் பார்த்து மூச்சு விடுவதற்குள் ஒரு நாய்க்குட்டி வரும், அதற்கடுத்து யாரோ ஆடுவார்கள். மனதில் எது தங்கும்? அரைமணி நேரம் எடுத்து முழுசாகப் போடுங்கள், பார்க்கிறவன் பார்ப்பான்.

கோட்டையூரான்

அண்ணே, அம்மாவுக்குத் தங்கியிருக்கிறதே. வேர்ப்பாலத்தை மூன்று வாரம் கழித்தும் சொல்கிறார். அரைமணி நேரப் படம் போட்டுக் கொடுத்தால் பத்தாவது நிமிடம் தூங்கிவிடுகிறார், சின்னதாக இருந்தால் அதையே நாலு தடவை பார்க்கிறார். நீளத்தைவிட ஒரு காரியத்தை விட்டு நகராமல் இருப்பதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

கல்லல் கேமரா

நான் இந்த வேலையில் இருக்கிறேன், கல்யாண வீடியோதான் சோறு போடுவது, இடையில் ஷார்ட்ஸ் ரீல்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன், அதனால் ஏன் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது, அப்போது வெறும் 15 விநாடி. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ், அதை முதலில் இறக்கியதே இந்தியாவில்தான். 15 விநாடியில் என்ன செய்வீர்கள்? முதல் ரெண்டு விநாடிக்குள் விரல் நிற்க வேண்டும். பெரிய தூண், பெரிய கதவு, கலர் கண்ணாடி, அதோடு அந்த வாரம் ஓடுகிற பாட்டு. பாட்டு ஓடுகிறதென்றால் அதே பாட்டில் போட்டால் இன்னும் நாலு பேரிடம் போகும். அப்படியே பழகிப் போய்விட்டது.

ஆனால் காலம் மாறியிருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து ஷார்ட்ஸ் 3 நிமிடம் வரைக்கும் போடலாம். ஆத்தங்குடிக் கல் ஒன்றைச் செய்கிற கைவேலை அதற்குள் தாராளமாக அடங்கும், ஊறுகிற நாட்களை மட்டும் வெட்டினால் போதும்.

எடுக்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: பாட்டுப் போடாதீர்கள். கரைசலை ஊற்றுகிற சத்தம், மட்டப்பலகை தட்டுகிற சத்தம், பின்னால் ரேடியோ, யாரோ தண்ணீர் கேட்பது, அதெல்லாம்தான் ஊர். காற்று அடித்தால் கைபேசி மைக்கில் ஒரு சின்னப் பஞ்சை ஒட்டிக்கொள்ளுங்கள். கை நடுங்கினால் செங்கல் மேல் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். கேமரா நகர வேண்டாம், நடக்கிற காரியம் நகரட்டும்.

வளவு வீடு

எங்கள் வீட்டைப் பற்றியும் ஒரு ரீல்ஸ் இருக்கிறது, லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். அதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது.

வருடத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் பொங்கலுக்கு, பங்காளிகள் எல்லாரும் கூடுகிற பொது வீடு அது. மற்ற நாட்களில் எங்கள் அப்பத்தாவும் ஒரு வேலைக்காரம்மாவும்தான். போன வருடம் நாலு பேர் வந்தார்கள், முகப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறோம் என்றார்கள், அப்பத்தா மோர் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒருவர் இரண்டாம் கட்டைத் தாண்டி அடுப்படிக்குள் போய்விட்டார். அப்பத்தா தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்குவதை, ரவிக்கை போடாமல் பழங்காலப் பழக்கத்தில் சேலை சுற்றியிருந்ததை, கேட்காமலே எடுத்துப் போட்டுவிட்டார்கள். கீழே வந்த கருத்துகளை நான் இங்கே எழுத மாட்டேன். அப்பத்தாவுக்கு 84 வயது. பேரன் ஒருத்தன் காட்டித்தான் அவர்களுக்கே தெரிந்தது. அன்றையிலிருந்து பகலிலும் நிலைக்கதவைத் தாழ் போட்டுத்தான் இருக்கிறார்கள். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போகிற வருகிறவர்களோடு பேசுவது அவர்களுக்கு இருந்த ஒரே சந்தோஷம், அதுவும் நின்றுவிட்டது.

எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆளைக் கேளுங்கள். கேட்டால் எங்கள் அப்பத்தாவே வெள்ளைப் பணியாரம் சுட்டுக் காட்டியிருப்பார்கள்.

கோட்டையூரான்

ஆச்சி, படித்துவிட்டு ரொம்ப நேரம் எழுதத் தோன்றவில்லை. அம்மாவிடம் இதை வாசித்தேன். "அந்த அப்பத்தாவைப் போய்ப் பார்க்கணும்டா" என்றார்.

நத்தைகுத்தி

நான் வேட்டங்குடியை எடுப்பேன், ஆனால் எப்படி எடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தெரியாதவர்களுக்காக: சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரிலிருந்து மதுரை போகிற வழியில் பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய். சேர்த்தால் 38 ஹெக்டேர் சொச்சம்தான். 1977-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் வந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்தால் தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் பறவைகள் கூடு கட்டும். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம் எல்லாம் ஒரே மரத்தில் மாடி மாடியாகக் குடியிருப்பதைப் பார்க்க வேண்டும்.

அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. சட்டத்துக்குப் பயந்து இல்லை, தலைமுறையாக அப்படித்தான். குஞ்சு பொரிக்கிற நேரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் பறவை கூட்டைவிட்டுக் கிளம்பிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். எச்சம் விழுந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் நெல்லுக்கு உரம், வயலில் இருக்கிற நத்தையைத் தின்ன நாரை, ரெண்டு பக்கமும் கொடுக்கல் வாங்கல். தீபாவளியன்று ஆறு வயதுப் பிள்ளை கையில் மத்தாப்பு மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிற காட்சி இருக்கிறதே, அதைத்தான் நான் ஒரு நிமிடத்தில் எடுப்பேன். பறவையைக் கிட்டே போய் எடுக்க வேண்டியதே இல்லை.

நத்தைகுத்தியின் அலகைப் பார்த்திருக்கிறீர்களா? மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். நத்தை ஓட்டுக்குள்ளே அலகு நுனியை விட்டுச் சதையை வெளியே இழுக்கும். கரையில் அசையாமல் உட்கார்ந்தால் வயல் பக்கம் பத்தடி தூரத்தில் இதைப் பார்க்கலாம். போன வருடம் நானே பார்த்தேன், தலையைச் சாய்த்து நத்தையைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அலகு மட்டும் நடுங்குகிற மாதிரி வேலை செய்தது, இருபது விநாடிதான், ஓடு முழுசாகக் கீழே கிடந்தது.

புதுவயல் சீனி

நத்தைகுத்தி அண்ணே, ட்ரோன் விட்டால் கூடுகளை மேலிருந்து நன்றாக எடுக்கலாமே, யாராவது எடுத்திருக்கிறார்களா?

நத்தைகுத்தி

விடவே கூடாது தம்பி. சரணாலயத்தில் வனத்துறை அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மேலே ஒன்று பறந்து வந்தால் பறவைக்கு அது பருந்து. தாய் எழுந்து பறந்துவிடும். முட்டை வெயிலில் கிடக்கும், காகம் காத்துக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் போதும் ஒரு கூடு காலியாக. கரையிலிருந்தே எடுங்கள், காலை ஆறரை மணி வெளிச்சம் போதும்.

ஸ்டாண்டு ஆட்டோ

எல்லாரும் சொல்வது சரி, ஆனால் என் பக்கமும் கேளுங்கள். நான் காரைக்குடியில் ஆட்டோ ஓட்டுகிறேன். பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிற வெளியூர் ஆள் முன்னெல்லாம் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்பார், அவ்வளவுதான். இப்போது கைபேசியைக் காட்டி "இந்த இடத்துக்குப் போகணும்" என்கிறார்கள். ஆத்தங்குடி, கானாடுகாத்தான், கண்டாங்கிச் சேலை நெய்கிற இடம் என்று ஒரு நாள் முழுக்க ஓட்டம் கிடைக்கிறது. கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது பத்திரிகையில் வந்தது, ஆனால் தறி ஓடுகிற ஒரு ரீல்ஸ் வந்த பிறகுதான் சவாரி என்னைத் தறி வீட்டுக்குப் போகச் சொன்னது. ரெண்டு சேலை வாங்கினார்கள், நெசவாளரின் கையில் காசு போனதை நானே பார்த்தேன்.

அதனால் இடத்தின் பெயரைப் போடாமல் மறைத்து வைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புதல் இல்லை. பெயர் போடுங்கள். எங்கள் பிழைப்பும் அதில் இருக்கிறது.

வளவு வீடு

அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தறி வீடும் கல் பட்டறையும் வியாபாரம் நடக்கிற இடம், பெயர் போட்டால் அவர்களுக்கு நல்லது. மனிதர் குடியிருக்கிற வீட்டுக்கு மட்டும் தெருப் பெயரும் வீட்டு விலாசமும் போடாதீர்கள். கூடு இருக்கிற மரத்துக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

ஸ்டாண்டு ஆட்டோ

சரிங்க ஆச்சி, அதை ஒத்துக்கொள்கிறேன். நான் கூட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் இனிமேல் நானே சொல்லிவிடுகிறேன், கேட்டுவிட்டு எடுங்கள் என்று. கோயிலுக்குள் எடுக்க முடியாது என்று ஏற்கெனவே சொல்லித்தான் இறக்கி விடுகிறேன், 2022-இல் ஐகோர்ட் மதுரைக் கிளை சொன்னதிலிருந்து பல கோயிலில் கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள்.

பலகாரக் கை

வெள்ளைப் பணியாரம் என்று பேச்சு வந்ததால் எழுதுகிறேன், ஏனென்றால் அதைவிடப் படம் பிடிக்கத் தோதான பலகாரம் நம்மிடம் இல்லை. ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான் உளுந்து. ஊறவைத்து வெண்ணெய் மாதிரி ஆட்டி, கொஞ்சம் பால் விட்டுக் கரைத்து, காய்ந்த எண்ணெயின் நடுவில் ஒரே ஒரு கரண்டி. ஊற்றியதும் அடியில் போய், பிறகு மேலே வந்து, ஓரமெல்லாம் சுருக்கம் விழுந்து நடு உப்பும். ஒன்று வெந்து எடுத்த பிறகுதான் அடுத்தது. சிவந்துவிட்டால் மாமியார் வீட்டில் பேச்சு வாங்க வேண்டும், வெள்ளையாகவே எடுக்க வேண்டும். ஊற்றியது முதல் எடுப்பது வரை ஒரு நிமிடம்கூட ஆகாது, உங்கள் கணக்குக்குச் சரியாக இருக்கும்.

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்து வில்லேஜ் குக்கிங் சேனல்காரர்கள் வயல் நடுவில் சமைத்துப் போட்டே 2021-இல் யூடியூபில் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்டார்கள், தமிழில் அவர்கள்தான் முதல். அவர்கள் வீடியோவில் பேச்சு ரொம்பக் கம்மி, கை வேலையும் சத்தமும்தான். மசாலா அரைக்கிற கல்லின் சத்தத்தைக் கேட்டு வெளிநாட்டுக்காரனே உட்கார்ந்து பார்க்கிறான். நம் ஆச்சிமார் கைக்கும் அந்த அழகு இருக்கிறது. பனையோலைக் கொட்டான் பின்னுகிற விரலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரஸ்தா ராமு

நான் முதலில் எழுதியதை விட்டுவிடவில்லை, ஆனால் இதைப் படித்துக்கொண்டே வந்ததில் எனக்கும் ஒன்று தோன்றியது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கிறதே, அங்கே ஒரு கடை வாசலில் இடித்த வீட்டின் தூண்களைக் கிடத்தி வைத்திருந்தார்கள். ஒரு வாசல் நிலையில் கதவு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே பென்சிலால் கோடு கோடாகப் போட்டிருந்தது. பிள்ளைகள் வளர வளர உயரம் குறித்த கோடு. பக்கத்தில் வருடம், எழுத்து அழிந்துபோன பெயர். அதை யாரோ ஓட்டலுக்கு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், இழைத்து வார்னிஷ் அடித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் அந்தக் கோடுகளை மட்டும் ஒருத்தர் எடுத்து வைத்தால் நல்லது. அதற்கு ஒரு நிமிடம் போதும்தான் தம்பி.

ஆத்தங்குடிப் பொண்ணு

ராமு அண்ணே, நாளைக்கே போய் எடுங்கள். தயவுசெய்து.

அப்பச்சி மகள்

எனக்குக் கேட்கிறதுதான் வேண்டும், பார்க்கிறது இல்லை. எங்கள் பக்கத்து ஆச்சிமார் பாடுகிற தாலாட்டு. பிள்ளையின் மாமன் எந்த ஊரிலிருந்து என்னென்ன சீர் கொண்டு வருவான் என்று ஊர் ஊராக, கப்பல் கப்பலாக வரும். ஒரே தாலாட்டை ரெண்டு ஆச்சி பாடினால் ரெண்டு மாதிரி இருக்கும், ஏனென்றால் அவரவர் வீட்டுப் பெயரை நடுவில் வைத்துப் பாடுவார்கள். எங்கள் அம்மாவைப் பெற்ற ஆயா போன பிறகு அவர் வரிசை எங்கள் யாருக்கும் முழுசாகத் தெரியவில்லை, நாலு அடி தெரியும், அப்புறம் நிற்கும். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறவர்கள் இந்த வாரமே கைபேசியைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேளுங்கள். போட வேண்டும் என்று இல்லை. வீட்டில் இருந்தால் போதும்.

கோட்டையூரான்

சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன், தாலாட்டு வந்த இடத்தில் அம்மா தானாகவே ரெண்டு அடி பாடினார், அதை எடுத்து வைத்திருக்கிறேன், இங்கே போடவில்லை.

பிறகு, "உனக்கு எதை எடுத்துக் காட்டட்டும்" என்று அவரிடமே கேட்டேன். ஆத்தங்குடி, வேட்டங்குடி என்று ஏதாவது சொல்வார் என்றுதான் நினைத்தேன். "ஊருணியில தண்ணி எந்தப் படி வரைக்கும் கெடக்குன்னு பாத்துட்டு வா" என்றார். வீட்டிலிருந்து ரெண்டு தெரு. ரெண்டு வருடமாக அவர் அதைப் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குடிதண்ணீர் எடுத்த ஊருணி, மழைக்காலத்தில் ஓட்டுச் சாய்ப்பிலிருந்து வளவு முற்றத்தில் கொட்டுகிற தண்ணீர் கிடாரம் என்கிற பெரிய அண்டாவில் நிறைந்தது போக மிச்சம் வாய்க்கால் வழியாக அங்கேதான் போய்ச் சேரும்.

கல்லல் கேமரா அண்ணன் சொன்ன மாதிரி கைபேசியைப் படித்துறைக் கல்மேல் சாய்த்து வைத்துவிட்டேன். ஐம்பது விநாடி. ஒரு கொக்கு, தண்ணீரில் புங்க மரத்து நிழல், யாரோ சைக்கிளில் போகிற சத்தம். ஒரு பையன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

அம்மா மூன்று தடவை பார்த்தார். நான்காவது தடவை விரலால் திரையைத் தொட்டுப் படிகளை எண்ணினார். "ஒம்பது படி தெரியுது. போன தடவை நான் பாக்கறப்ப பதினொண்ணு. இந்த வருசம் மழை பரவாயில்ல போல" என்றார். அப்புறம் அந்தக் கடைசிப் படிக்குப் பக்கத்தில் கல் பெயர்ந்திருப்பதை யாரும் சரி பண்ணவில்லையா என்று கேட்டார். நான் அங்கே நின்றிருந்தேன், எனக்குத் தெரியவில்லை. திரும்ப ஓட்டிப் பார்த்தால் பெயர்ந்துதான் இருக்கிறது.

ஆத்தங்குடித் தங்கச்சிக்கு ஒரு கேள்வி: வருகிற சனிக்கிழமை பட்டறை உண்டா? சித்தப்பாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா, அவருக்குச் சம்மதம் என்றால் மட்டும் வருகிறேன்.

ஆத்தங்குடிப் பொண்ணு

கேட்டேன் அண்ணா. வரச் சொன்னார். காலை ஒன்பதுக்கு முன்னால் வாருங்கள், அப்போதுதான் வெயிலில் வைத்த கல்லிலிருந்து கண்ணாடியைப் பிரிப்பார்கள். அம்மா வீட்டுத் தரையில் என்ன பூ என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள், அதே அச்சு எங்களிடம் இருந்தால் அதிலேயே ஒரு கல் போட்டுக் காட்டுகிறேன் என்றார்.